பதில் சொல்ல ஆள் இருக்கட்டும்



காலையில் கைப்பேசியைத் திறந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்ன வந்திருக்கிறது? ஒரு சாமி படம். ஒரு காலை வணக்கம். அதற்குக் கீழே ஒரு மனைவி ஜோக். மனைவி அம்மா வீட்டுக்குப் போன அன்று கணவன் தெருவுக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தானாம். கல்யாணத்துக்கு முன்பு சிங்கமாக இருந்தவன் இப்போது பூனையாகிவிட்டானாம். மாமாவோ சித்தப்பாவோ அனுப்பியிருப்பார். நாலு பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் மஞ்சள் முகத்தைப் பதிலுக்குப் போட்டிருப்பார்கள். அதே குழுவில் அத்தையும் சித்தியும் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல், அடுப்பு வேலையைக் கவனிக்கப் போய்விடுகிறார்கள்.

இந்த ஜோக்குகளைச் சேர்த்து வைத்துப் படித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் பேசுகிறவன் கணவன். அலுத்துக்கொள்கிறவன் அவன், மாட்டிக்கொண்டு தவிக்கிறவன் அவன், கடைசியில் சாமர்த்தியமாக ஒரு வார்த்தை சொல்லிக் கைதட்டு வாங்குகிறவனும் அவன். மனைவி அந்தக் கதைக்குள் இருக்கிறாள். ஆனால் அவளுக்கு வசனம் இல்லை. இருந்தால் அது திட்டாக இருக்கும், இல்லாவிட்டால் புடவை, நகை கேட்பதாக இருக்கும்.

நம் பாட்டிமார் சிரித்த சிரிப்பு இப்படிப்பட்டதா? ஆண், பெண் உறவை வைத்துத் தமிழர்கள் சிரித்த வரலாறு ரொம்பப் பெரியது. அதில் பெண்ணுக்கு வாய் இருந்தது. பல நேரம் கடைசி வார்த்தையும் அவளுடையதாகவே இருந்தது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச நினைக்கிறேன்.

நம் பினாங்கின் ஆயர் ஈத்தாம் பக்கம் நடக்கும் ஒரு கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். தாலி கட்டியாகிவிட்டது. மொய் எழுதுகிற மேசையில் கூட்டம் குறைந்துவிட்டது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் எதிரெதிரே உட்கார வைத்து, நடுவில் ஒரு தண்ணீர்க் குடம் வைக்கிறார்கள். குடத்துக்குள் ஒரு மோதிரம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை விட்டு எடுக்க வேண்டும். யார் எடுக்கிறார்களோ அவர்கள் கையில்தான் இனிமேல் வீடு.

அதுவரை சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்துவிடுவார்கள். பெண் எடுத்துவிட்டால் மாப்பிள்ளையின் தோழர்கள், "போச்சுடா, சம்பளக் கவரை இனிமே பிரிக்காமலே கொடுத்துடு" என்பார்கள். மாப்பிள்ளை எடுத்துவிட்டால் பெண்வீட்டுப் பாட்டி சும்மா இருப்பாரா? "மோதிரத்தைத் தேடுனீங்களா, எம் பேத்தி விரலைத் தேடுனீங்களா?" என்று ஒரு போடு போடுவார். கூடம் அதிரும். மூன்று தடவை எடுக்க வேண்டும் என்பது முறை. எடுத்த மோதிரத்தைத் தண்ணீருக்குள்ளேயே அடுத்தவர் கையில் நழுவவிடுகிற மாப்பிள்ளைகளும் உண்டு. அதைக் கண்டுபிடித்துச் சொல்லவும் அங்கே ஒரு அத்தை இருப்பார்.

இந்தச் சின்ன விளையாட்டுக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது! பழைய காலத்தில் அன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்த இரண்டு பேர். தண்ணீருக்குள் கையும் கையும் முதன்முதலாகப் பட்டுக்கொள்ள ஊரே ஒரு சாக்கு ஏற்படுத்திக் கொடுக்கிறது. கூடவே, இந்த வீட்டில் யார் பேச்சு எடுபடப் போகிறது என்ற கேள்வியை, பின்னால் எத்தனையோ சண்டைக்குக் காரணமாகப் போகிற அந்தக் கேள்வியை, முதல் நாளே எல்லார் முன்னாலும் போட்டுச் சிரிக்கிறார்கள். பெண்ணுக்கு ஆதரவாகவும் ஒரு கூட்டம் நிற்கிறது, மாப்பிள்ளைக்கு ஆதரவாகவும் ஒரு கூட்டம் நிற்கிறது. யாருக்கும் ஆள் இல்லாமல் போவதில்லை.

நலங்குப் பாட்டும் அப்படித்தான். சம்பந்தி ஏசல் என்று ஒன்று இருந்ததை வயதான வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் சமையலைக் கேலி செய்து பாடினால், பெண் வீட்டார் மாப்பிள்ளையின் மீசையைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். ஒரு பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லையென்றால் அந்தப் பக்கத்துக்கு மானக்கேடு. முருகனின் இரண்டு மனைவியர்கூட இந்தப் பாட்டிலிருந்து தப்பவில்லை. வள்ளி தெய்வானை ஏசல் என்று தனியாகவே ஒரு வகை பாடி வந்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு நுட்பத்தையும் நம் முன்னோர் வைத்திருந்தார்கள். கேலிக்கு முறை உண்டு. மச்சானைக் கேலி செய்யலாம். கொழுந்தியாள் அத்தானைக் கேலி செய்யலாம். மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் வாரிவிடலாம். மாமனாரிடம் வாய் திறக்கக் கூடாது, கணவனின் அண்ணனிடம் கூடாது. யாரால் திருப்பிச் சொல்ல முடியுமோ அவரிடம் மட்டும் விளையாடு என்று உறவுமுறைக்குள்ளேயே ஒரு வேலி போட்டு வைத்திருந்தார்கள். அந்த வேலி வாட்ஸ்அப்பில் இல்லை.

நமக்கு மட்டும்தான் இந்தப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுச் சீனர் கல்யாணத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். காலையில் பெண்ணை அழைக்க வரும் மாப்பிள்ளையைத் தோழிப் பெண்கள் வாசலிலேயே மறித்துக்கொள்வார்கள். புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் என்று வரிசையாக வாயில் திணிப்பார்கள். தண்டால் எடுக்கச் சொல்வார்கள். அங்பாவ் என்ற பண உறை கைமாறாமல் கதவு திறக்காது. மலாய்க்காரர் வீட்டில் பெண் கேட்டு வருகிறவர்கள் பந்துன் என்ற மலாய்ப் பாட்டைப் பாடித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். பெண் வீட்டார் பந்துனிலேயே பதில் சொல்வார்கள். தட்டுத் தடுமாறினால் கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். 2020-இல் பந்துன் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மலாக்காவின் டொண்டாங் சாயாங் பாட்டுக்கு 2018-லேயே அந்தப் பெருமை கிடைத்துவிட்டது. ஆணும் பெண்ணும் மாறி மாறிக் காதலையும் கிண்டலையும் பாட்டாகக் கட்டுவதுதான் டொண்டாங் சாயாங். ஒருவர் மட்டும் பாடினால் அதில் சுவையே இல்லை.

சாப் கோ மேய் இரவை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள் பௌர்ணமி. பாடாங் கோத்தா லாமா கடற்கரையில் பெண்கள் ஆரஞ்சுப் பழத்தைக் கடலில் வீசி நல்ல கணவன் வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்து நியோன்யா குடும்பங்களில் கல்யாணமாகாத பெண்கள் வீட்டை விட்டு வெளியே வருவதே அபூர்வம். அந்த ஓர் இரவில் அலங்கரித்துக்கொண்டு வண்டியேறிக் கடற்கரைக்கு வருவார்கள். இளைஞர்கள் பார்க்க வருவார்கள், பார்க்கப்படவும் வருவார்கள். டொண்டாங் சாயாங் பாடுகிற குழுக்களும் அன்று ஊரைச் சுற்றும். இப்போது பழத்தின் மேல் தொலைபேசி எண்ணை எழுதி எறிகிறார்கள். எறிந்த பழத்தை வலைபோட்டு எடுக்கப் படகில் போட்டி நடக்கிறது. எறிகிறவர்களும் சிரிக்கிறார்கள், பிடிக்கிறவர்களும் சிரிக்கிறார்கள். கரையில் நிற்கும் அம்மாக்களின் வேண்டுதல் மட்டும் உண்மையானது.

2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11-ஆம் தேதியும் சாப் கோ மேய் மறுநாளும் வந்தன. முதல் நாள் தண்ணீர்மலை முருகனிடம், "எம் பொண்ணுக்கு நல்ல இடமா அமையணும்" என்று கேட்ட தாய்மார்கள் எத்தனை பேர்! மறுநாள் அதே நிலவின் கீழே சீனத் தாய்மார்கள் அதையே கடலிடம் கேட்டார்கள். நம் ஊர்க் கெக் லோக் சீ கோயிலுக்குப் போனால் அங்கே வேண்டுதல் ரிப்பன்கள் தொங்கும். படிப்புக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று, ஜோடி சேர ஒன்று. மேலே கொடிமலையில் காதலர்கள் பூட்டுப் போடுகிறார்கள். அதே மலையில் திருமுருகன் கோயிலும் இருக்கிறது. குன்றில் குடியிருப்பவன் அல்லவா அவன்? காதலுக்காக அவன் பட்ட பாடு கொஞ்சமா?

வேடனாக வந்தான், எடுபடவில்லை. வேங்கை மரமாக நின்றான். கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்று விக்கிக்கொண்டான். கடைசியில் அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைத்து, பயந்து வந்த வள்ளியின் கையைப் பிடித்தான். சூரனை வென்ற தேவசேனாபதி ஒரு குறப்பெண்ணிடம் இத்தனை வேஷம் போட வேண்டியிருந்தது என்பதில்தான் நம் மக்களுக்குச் சந்தோஷம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமண நாடகத்துக்குத் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் கூட்டம் கூடுகிறது. எதற்காக? தர்க்கத்துக்காக. வள்ளியும் எதிரில் நிற்பவரும் கேள்வியும் பதிலுமாக மோதிக்கொள்வதைக் கேட்க ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். வள்ளி வேஷம் போடுகிற அம்மாவுக்கு வாய்ச்சாமர்த்தியம் இல்லையென்றால் நாடகம் படுத்துவிடும்.

நம் நாட்டுப்புறக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். கிங்ஸ்கோட் அம்மையாரும் பண்டித நடேச சாஸ்திரியும் சேர்ந்து 1890-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தென்னிந்தியக் கதைத் தொகுப்பில் இது இருக்கிறது. நடப்பது திருநெல்வேலிச் சீமையின் வீரவநல்லூரில்.

பிச்சை எடுத்துப் பிழைக்கும் ஒருவனுக்குத் தோசை தின்ன ஆசை. அவனும் மனைவியும் அரிசி சேர்த்து, உளுந்து சேர்த்து, மாவாட்டிச் சுட்டால் ஐந்துதான் வந்தது. இரண்டு பேருக்கு ஐந்தைப் பங்கு போடுவது எப்படி? யாருக்கு மூன்று, யாருக்கு இரண்டு? சண்டை வந்தது. கடைசியில் ஒரு பந்தயம் கட்டினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்களுக்கு இரண்டு.

நாள் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. பிச்சைக்காரனைக் காணோமே என்று ஊர்க்காரர்கள் கூரையைப் பிரித்து இறங்கிப் பார்த்தால் இரண்டு பேரும் அசையாமல் கிடக்கிறார்கள். செத்துப்போய்விட்டார்கள் என்று முடிவு செய்து, ஊரே காசு போட்டுச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. அப்போதும் இருவரும் வாய் திறக்கவில்லை. சிதை அடுக்கித் தீயும் வைத்தாகிவிட்டது. சூடு காலைத் தொட்டதும் கணவன் பொறுக்க முடியாமல், எனக்கு இரண்டே போதும் என்று கத்தினான். உடனே பக்கத்துச் சிதையிலிருந்து மனைவி, அப்படியானால் நான் ஜெயித்தேன், எனக்கு மூன்று என்றாள்.

ஊர்க்காரர்கள் பேய் என்று ஓடியது இருக்கட்டும். இந்தக் கதையைச் சொன்ன பாட்டியையும் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்களையும் நினைத்துப் பாருங்கள். கதையில் அவனும் பிடிவாதக்காரன், அவளும் பிடிவாதக்காரி. அசட்டுத்தனத்தில் இரண்டு பேருக்கும் சரிபங்கு. தோசையில் மட்டும் அவளுக்கு ஒன்று அதிகம். கேட்கிற கணவனும் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம், மனைவியும் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். ஒருவரை மட்டம் தட்டாமலே வயிறு வலிக்கச் சிரிக்க முடிகிறது.

திருவள்ளுவரைப் பள்ளிக்கூடத்தில் நமக்கு மிகவும் கண்டிப்பானவராகவே அறிமுகப்படுத்திவிட்டார்கள். 132-ஆவது அதிகாரத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். புலவி நுணுக்கம் என்று பெயர். கணவனுக்குத் தும்மல் வருகிறது. மனைவி வழக்கம்போல வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாயை மூடுவதற்குள் அழத் தொடங்குகிறாள். எந்தப் பெண் உன்னை நினைத்ததால் தும்மினாய்? சரி, அடுத்த தும்மலை அடக்கிப் பார்க்கிறான். யாரோ நினைப்பதை என்னிடம் மறைக்கிறாயா என்று அதற்கும் அழுகை. உன்னை நினைத்தேன் என்று சொன்னால், அப்படியானால் நடுவில் மறந்தாயா என்கிறாள். எல்லாரையும்விட உன்மேல்தான் காதல் என்றால், யாரையெல்லாம் விட என்று கணக்குக் கேட்கிறாள். நம் வீடுகளில் நேற்று ராத்திரி நடந்ததுபோல இல்லையா? அவன் ஒவ்வொரு தடவையும் தோற்கிறான். தோற்பதை அவனே ஆசையோடு சொல்கிறான். அவளை மட்டம் தட்ட அவனுக்கு மனம் வரவில்லை. அந்த வித்தியாசத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

கோயில்களிலும் இந்த ஊடல் இருக்கிறது. திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கலன்று திருவூடல் விழா நடக்கிறது. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சமாதானம் பேசச் சுந்தரர் தூது போகிறார். அந்தச் சுந்தரர் வீட்டிலேயே ஒரு தடவை பரவையார் கதவைச் சாத்திக்கொண்டபோது, திருவாரூர் வீதியில் சிவபெருமான்தான் தூது நடந்தாராம். ஸ்ரீரங்கத்திலோ உறையூருக்குப் போய் வந்த பெருமாளுக்குப் பங்குனி உத்திரத்தன்று தாயார் கதவைத் திறப்பதில்லை. எங்கே போய்விட்டு வருகிறீர் என்று கேட்கிற உரிமையைத் தெய்வமே பெண்ணுக்குக் கொடுத்து, அதை வருஷா வருஷம் விழாவாக்கி வைத்திருக்கிறார்கள். ஊர் கூடி நின்று பார்த்துச் சிரிக்கிறது, கும்பிடுகிறது.

நம் ஊருக்குத் திரும்புவோம். ஜார்ஜ் டவுனில் லவ் லேன் என்று ஒரு தெரு இருக்கிறதே, அதன் பெயருக்கு ஊரில் பல கதைகள் உண்டு. முன்ட்ரி வீதியிலும் பெரிய வீதிகளிலும் குடியிருந்த பணக்காரர்கள் தங்கள் ஆசைநாயகிகளை அந்தச் சந்தில் வைத்திருந்தார்கள் என்பது அதிகம் சொல்லப்படும் கதை. சுற்றுலாப் பயணிகளுக்குச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பினாங்கில் பிறந்த பி. ரம்லீ 1964-இல் எடுத்த 'மடு தீகா' படத்தை நம்மில் எத்தனை பேர் எத்தனை தடவை பார்த்திருப்போம்! ஒருவருக்குத் தெரியாமல் ஒருவராக மூன்று பேரைக் கட்டிக்கொண்டு, அதை மறைக்க ஓடியாடும் மனிதனின் கதை. இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ரம்லீ அந்தக் கணவனை எப்படிப் படாதபாடு படுத்துகிறார் என்பதால் வருகிற சிரிப்பு அது.

ஆனால் சின்ன வீடு ஜோக் என்று நம்மவர்கள் சொல்லிச் சிரிப்பதில் அந்தப் பெரிய வீட்டு அம்மாளின் குரல் எங்கே? முஸ்லிம் அல்லாதவர்கள் ஒருவனுக்கு ஒருத்தி என்றுதான் மணந்துகொள்ள முடியும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1976-இல் நிறைவேறி, 1982 மார்ச் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் இரண்டாவது, மூன்றாவது என்று வந்து நின்றபோது கேட்க வழியில்லாமல் விம்மியவர்கள் நம் பாட்டிமார் தலைமுறையில் இருந்தார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, கள்ளுக்கடையிலிருந்து கணவன் திரும்பும் வரை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களைப் பற்றி ஆண்கள் சொன்ன ஜோக்குகள் நிறைய. அவர்களே தங்களுக்குள் பாடிய பாட்டுகள், குடிகாரப் புருஷனை வாங்கு வாங்கென்று வாங்கிய பாட்டுகள், வேலைக்காட்டோடும் லயத்தோடும் போய்விட்டன.

2020 மார்ச் மாதம் நினைவிருக்கிறதா? நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். அப்போது மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு சமூக ஊடகத்தில் சில சுவரொட்டிகளை வெளியிட்டது. மனைவியர் கணவனை நச்சரிக்காமல் இருக்க வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் டோராமோன் பூனையின் குரலில் கொஞ்சிச் சிரித்துச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும் ஒப்பனை செய்துகொள்ள வேண்டும். நாட்டுக்குள்ளும் வெளியிலும் எழுந்த எதிர்ப்பில் அமைச்சு அவற்றை எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டது. வீட்டில் சண்டை வரக் கூடாது, கொஞ்சம் சிரிப்பு இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் போட்டிருக்கலாம். நம் வீட்டுப் பெண்களுக்கு ஏன் அது அப்படிச் சுருக்கென்று தைத்தது? வீடு, அலுவலக வேலை, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, மூன்று வேளைச் சமையல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் அவர்கள் தலையில் விழுந்திருந்த நேரத்தில், சிரிக்க வைக்கிற வேலையும் அவர்களுக்கே கொடுக்கப்பட்டது. கணவன் எந்தக் குரலில் பேச வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். அடியை வைத்துச் சிரிக்கும் பழமொழிகள் நம்மிடம் உண்டு. அகமுடையான் அடித்ததில் கண் புளிச்சை போயிற்று என்று சொல்லிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. பழமொழி என்பதற்காக அதைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம் இங்கே 1994-இல் நிறைவேறி 1996-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் முன்பே, 1985-இல், பினாங்கில் டபிள்யூ.சி.சி. என்ற மகளிர் மையம் தொடங்கிப் பாதிக்கப்பட்ட பெண்களுக்குக் கைகொடுத்து வருகிறது. அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசேயின் எண் 15999. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. கூட்டத்தில் ஓர் அடி ஜோக் வரும்போது சிரிக்க முடியாமல் தலையைக் குனிந்துகொள்கிற ஒருத்தி அங்கே இருக்கக் கூடும். அவர் இந்தப் பக்கத்தையும் படிக்கக் கூடும்.

ஆண்களுக்கு இதில் நஷ்டம் இல்லையா? உண்டு. நம் நாட்டில் 'குயின் கண்ட்ரோல்' என்று ஒரு சொல் எல்லா இனத்தாரிடமும் புழங்குகிறது. அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் ஓர் இளம் கணவர் துணி காயப்போடுகிறார். மனைவிக்கு இரவு ஷிப்ட். எதிர்வீட்டுக்காரர், "என்ன பாஸ், குயின் கண்ட்ரோலா?" என்கிறார். சாதாரணமாகக் கேட்டதுதான். மறுநாள் அந்தப் பையன் இருட்டிய பிறகு காயப்போடுகிறார். அதற்கு அடுத்த வாரம் காயப்போடுவதையே விட்டுவிடுகிறார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து காலையில் களைத்து வந்து இறங்கும் மனைவிதான் அந்தத் துணியையும் பார்க்க வேண்டும். ஒரு சின்னக் கேலி ஒரு வீட்டின் வேலைப் பங்கீட்டையே மாற்றிவிடுகிறது. குடும்பத்துக்கு இரண்டு சம்பளம் வேண்டியிருக்கிற இந்தக் காலத்தில், கைகொடுக்க நினைக்கிற ஆணை வெட்கப்பட வைப்பதால் யாருக்கு லாபம்?

அதற்காக ஜோக்கே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. சிரிக்காத வீடு என்ன வீடு? என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் திரையில் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த அம்மா கலைவாணருக்கு ஒரு வசனம்கூடக் குறைவாகப் பேசியதாகத் தோன்றாது. அந்த மாதிரிச் சிரிப்பு நம் வீட்டு மேசைக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் என் ஆசை. அடுத்த தடவை ஒரு மனைவி ஜோக் வந்தால், அனுப்புவதற்கு முன் பக்கத்தில் இருக்கும் மனைவியிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கேளுங்கள். அந்தப் பதிலையும் சேர்த்து அனுப்புங்கள். நிச்சயம் பதில்தான் ஜோக்கைவிட நன்றாக இருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பட்டிமன்றம் ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணவனா மனைவியா என்று தலைப்பு வைக்கிறீர்கள், சரி. மேடையில் எத்தனை ஆண்களோ அத்தனை பெண்களையும் உட்கார வையுங்கள்.

இப்போது உங்களிடம் ஓர் உதவி கேட்கப் போகிறேன்.

கி. ராஜநாராயணன் கரிசல் காட்டு மக்களிடம் புழங்கிய, யாரும் வெளியே சொல்லத் தயங்கிய ஆண், பெண் கதைகளையெல்லாம் கேட்டு எழுதினார். கழனியூரனோடு சேர்ந்து 'மறைவாய் சொன்ன கதைகள்' என்று புத்தகமே போட்டார். நம் நாட்டில் முத்தம்மாள் பழனிசாமி, தாம் கேட்டறிந்த பாடல்களை 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' என்று நூலாக்கினார். அவரைப்போல ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவர் செய்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்!

இன்னும் காலம் போய்விடவில்லை. ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியிலும் பார்லிமிலும் ஆயர் ஈத்தாம் பசார் சுற்றுவட்டாரத்திலும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்து பட்டணத்துக்கு வந்த பாட்டிகள் இருக்கிறார்கள். கல்யாணத்தில் என்ன நலங்குப் பாட்டுப் பாடினீர்கள், சம்பந்தியை எப்படி ஏசினீர்கள், தாத்தாவை என்ன சொல்லிக் கேலி செய்வீர்கள் என்று கேளுங்கள். முதலில் வெட்கப்படுவார்கள். பேத்திகள் கேட்டால் சீக்கிரம் வாய் திறப்பார்கள். ஆண்பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் வெளியே போகச் சொன்னால் இன்னும் நன்றாக வரும். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். தாத்தா இருந்தால் அவருடைய பதிலையும் விடாதீர்கள்.

எழுதி அனுப்புங்கள். பாட்டு முழுதாக நினைவில்லை என்றால் இரண்டு அடி போதும். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம், பாட்டி சொன்ன உச்சரிப்பிலேயே எழுதுங்கள். கொஞ்சம் பச்சையாக இருக்கிறதே என்று தயங்கிப் பாதியை வெட்டிவிடாதீர்கள். எதை அச்சில் போடலாம், எதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். பாட்டி எந்தத் தோட்டத்தில் இருந்தார், எந்த வருஷம் கல்யாணம் என்பதை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள். வருவதையெல்லாம் சேர்த்து, வரும் தை மாதக் கன்னிப் பொங்கலுக்கு முன்னால் ஒரு தனிப் பகுதியாகக் கொண்டுவர நினைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்